ஓமானுக்குப் போகக் கேட்ட பத்திரம்

நோர்வூட், கீழ் டிவிசன்
2024 ஜூன் 2

அன்பு மகளுக்கு,

இங்கே மழை, அட்டைக்கடி, அம்மாவின் முழங்கால் வலி மூன்றும் வழக்கம்போல் நலம். உன் நலத்தைப் பதிலில் எழுது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு முதல் தடவை எழுத்து புரியும், இரண்டாம் தடவை விஷயம் புரியும், மூன்றாம் தடவைதான் கவலை வரும். நுவரெலியாவில் உன்னோடு தேயிலை மலையெல்லாம் சைக்கிள் ஓட்டிய வெள்ளைக்காரர்கள், டிசம்பரில் ஓமான் பாலைவனத்தில் ஓட்டப் போகிறார்கள். உன்னை மெக்கானிக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் சைக்கிள் கடை ஷிஹாப் முதலாளியும் லீவு கொடுத்து அனுப்பச் சம்மதித்துவிட்டார். இவ்வளவும் சரியாகப் புரிந்துகொண்டேனா?

அடுத்த வீட்டு பேச்சியம்மாவிடம் சொன்னேன். "சைக்கிள் ஓட்டுறதுக்கா புள்ள ப்ளேன்ல போவுது? இங்கன ரோட்டுக்கு என்னா கொறச்சல்?" என்றார். "இங்கன ரோடே இல்லியே, அதுதான் கொறச்சல்" என்றேன்.

சூட்டைப் பற்றி என்னிடம் கேள். தேயிலை ஸ்டோரில் இலை உலர்த்தும் டிரையருக்கு முன்னால் முப்பது வருஷம் காய்ந்தவன் நான். தண்ணீரைக் கடகடவென்று குடிக்காதே. வாயை நனைத்து நனைத்துக் குடி. என் படிப்பில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

போனில் சொல்லலாமே என்பாய். சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயத்தில் நான் போனில் பேசினால் ஆறு வீட்டிலிருந்து பதில் வரும். கடிதமே நல்லது.

கடவுச்சீட்டு எடுக்கப் பிறப்புப் பத்திரம் கேட்டிருந்தாய். பெட்டியில் தேடுகிறேன்.

உன் அப்பா,
அழகன்

*

நுவரெலியா
2024 ஜூன் 16

அன்பு அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். தினமும் வேலை முடிந்து கந்தப்பளைப் பக்கம் ஏறி இறங்கிப் பழகுகிறேன். முதுகுப்பையில் கல்லை நிரப்பிக்கொண்டு ஓட்டுகிறேன். அங்கே ஒவ்வொருவரும் நாளுக்கு ஆறு லீட்டர் தண்ணீர் சுமக்க வேண்டுமாம். ஷிஹாப் முதலாளி பார்த்துவிட்டு, "ஒட்டகம் இல்லாத கொறைய நீ தீத்து வைப்பா போல" என்கிறார்.

டிசம்பர் ஏழாம் திகதி புறப்படுகிறோம். ஆறு நாள், பத்துப் பேர். விடியும்போது கிளம்பி, பத்து மணிக்குள் நிழலுக்குப் போய்விட வேண்டும். அங்கே மணலைவிடக் கல்லும் முள்ளும்தான் அதிகமாம். டயருக்குள்ளே பால் மாதிரி ஒன்றை ஊற்றிக்கொண்டு போவோம், முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும். கியரைத் தாங்கும் கொக்கி, பிரேக் கட்டை, செயின் துண்டு என்று மூன்று பக்கத்துக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். அப்பா, எனக்கு இரவில் தூக்கமே வருவதில்லை. பயத்தால் இல்லை.

ஆகஸ்ட் முடிவதற்குள் கடவுச்சீட்டின் பிரதியை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பெட்டியில் தேட இரண்டு வாரமா? நம் வீட்டில் இருப்பதே ஒரு பெட்டி. அம்மாவிடம் போனில் கேட்டேன். "ஒங்கப்பாகிட்ட கேளு" என்று வைத்துவிட்டார். சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
கிருஷாந்தி

*

நோர்வூட்
2024 ஜூன் 28

அன்பு மகளுக்கு,

பெட்டியின் சாவி காணாமல் போனது. கிடைத்தது. பிறகு பூட்டுத் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டேன். பிறகு கறையான். இதையெல்லாம் நீ நம்ப மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். பொய் சொல்லவும் கொஞ்சம் படிப்பு வேண்டும்.

ஒன்று கேட்கட்டுமா? இந்த வருஷம் போகாவிட்டால் என்ன? பாலைவனம் எங்கேயும் ஓடிவிடாது. முள், வெயில், முன்பின் தெரியாத பூமி. அடுத்த வருஷம் பார்ப்போமே.

எழுதுவதை அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். "என்னா எழுதுறீங்க?"

"மழையப் பத்தி."

"மழ அவ்வளவு நீளமாவா பெய்யுது?"

உன் அப்பா,
அழகன்

*

நுவரெலியா
2024 ஜூலை 12

அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பப் போவதில்லை என்று புரிந்தது. நானே பதிவுக் கந்தோருக்குப் போய்ப் பத்திரத்தின் பிரதியை எடுத்துவிட்டேன். அரை நாள்தான் ஆனது. அடையாள அட்டைக்கும் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்ததால், இதுவரை நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை.

அதில் நான் பெப்ரவரியில் நோர்வூட் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்ததாக இருக்கிறது. அம்மாவோ, ஆடி மழையில் டயகமவில் தன் தாய் வீட்டில் என்னைப் பெற்றதாகத்தான் எப்போதும் சொல்வார். மாதத்தைப் பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றீர்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே எழுதிய பத்திரத்திலும் அதே தப்பா?

கடவுச்சீட்டு விண்ணப்பத்தில், எழுதியது எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் மேசையில் வைத்திருக்கிறேன். பகிடி வேண்டாம் அப்பா. பதில் மட்டும் எழுதுங்கள்.

கிருஷாந்தி

*

நோர்வூட்
2024 ஜூலை 19

மகளே,

அந்தப் பத்திரம் உன்னுடையது இல்லை. உன் அக்காவுடையது.

உனக்கு ஒரு அக்கா இருந்தாள். கிருஷாந்தி அவள் பெயர். தொண்ணூற்றேழு பெப்ரவரியில் இங்கே பிறந்தாள். தோட்டத்தாரே பதிந்து பத்திரம் கொடுத்தார்கள். பதினோரு மாதத்தில் காய்ச்சல் வந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வருவதற்குள் அம்மாவின் மடியிலேயே போய்விட்டாள். ஆற்றோரம் புதைத்தோம். இறந்ததைப் பதிய வரச் சொன்னார்கள். அந்தக் கடதாசியில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. போகவில்லை.

தொண்ணூற்றொன்பது ஆடியில் நீ வந்தாய். முதல் பிள்ளையைப் பறிகொடுத்த இடத்தில் பெற மாட்டேன் என்று அம்மா டயகமவுக்குப் போய்விட்டாள். லயத்து வீட்டிலேயே பிறந்தாய். பதியப் போனேன். அங்கே கிளாக்கர், "ஒன் பேரு எங்க ஆள் பதியிற செக்ரோல்ல இல்லியே, ஒன் தோட்டத்துல போய்ப் பதி" என்றார். இங்கே வந்தால், நம் தோட்டத்துக் கிளாக்கர், "இங்க பொறக்காத புள்ளய இங்க எப்படிப்பா பதியிறது?" என்றார். வேறொருவன் என்றால் மேசையைத் தட்டியிருப்பான். நான் தலையைச் சொறிந்துகொண்டு, அவருக்கு ஒரு பகிடியும் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஐந்து வருஷம் போனது. உனக்குப் பெயரும் வைக்கவில்லை. ஆசையாகப் பெயர் வைத்த பிள்ளை போய்விட்டாளே என்ற பயம். பாப்பா என்றே கூப்பிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது மாஸ்டர், "நாளைக்குப் பத்திரத்தோட வாங்க, இல்லாட்டி இந்த வருசம் சேக்க ஏலாது" என்றார். பெட்டியில் ஒரு பத்திரம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். "வயசு கூடிப்போச்சே, ஏன் இவ்வளவு காலம் வீட்ல வச்சிருந்தீங்க?" என்று என்னை ஏசிவிட்டு, "கிருஷாந்தி" என்று கூப்பிட்டார். நீ திரும்பவில்லை. உன் தோளைத் தட்டி, "ஒன்னத்தான் பாப்பா" என்றேன்.

நான் செய்தது அதுதான்.

வகுப்பில் நீதான் வயது கூடியவள் என்று பிள்ளைகள் கேலி செய்ததாக அழுதுகொண்டு வருவாய். அந்த வயது உன்னுடையது இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா இன்றுவரை உன்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை, கவனித்தாயா? நீ சைக்கிள் பழகியதும் அந்த ஆற்றோரப் பாதையில்தான். நீ விழுந்துவிடுவாய் என்று நான் பின்னால் ஓடி வருவதாக நினைத்துச் சிரிப்பாய். அவள் மேல் சக்கரம் ஏறிவிடக் கூடாதே என்று ஓடி வந்தேன்.

இதை எழுதாமலும் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நீ கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் சொன்ன பொய்க்கு உன் கையெழுத்தை வாங்க முடியாது.

அப்பா

*

நோர்வூட்
2024 ஆகஸ்ட் 11

மகளே,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. எழுது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

அம்மாவும் நானும் கந்தோருக்குப் போனோம். காலம் கடந்தும் பதியலாமாம். நாங்கள் இருவரும் சமாதான நீதவான் ஜெயகாந்தன் ஐயா முன்னால் சத்தியக்கடதாசி கொடுத்துவிட்டோம். நான் செய்தது எல்லாம் அதில் வரிவரியாக இருக்கிறது. கந்தோரில் இருந்த பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். "இருவத்தஞ்சு வருசமா ஏங்க வரல?" என்று கேட்டது. நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்று அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் படிவத்துக்குக் கையை நீட்டினேன்.

புதுப் பத்திரம் வர ஆறு மாதமாவது ஆகுமாம். டிசம்பருக்கு வராது. நிரப்ப வேண்டிய படிவத்தையும் அந்தப் பழைய பத்திரத்தையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். பழையதை வைத்து நீ ஓமானுக்குப் போனாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்பா

*

நுவரெலியா
2024 ஆகஸ்ட் 27

அப்பா,

ஓமான் இடத்தை நேற்றுத் தனுஷனுக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் கடையில் என்னோடு வேலை செய்கிறவன். மூன்று பக்கப் பட்டியலையும் அவன் கையில் கொடுத்து, கொக்கியில் இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள் என்றேன். பிறகு பின்கட்டுக்குப் போய், முதுகுப்பையில் இருந்த கல்லையெல்லாம் கொட்டினேன்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். போகவில்லை. கடையில் யாராவது கிருஷாந்தி என்று கூப்பிட்டால், திரும்புவதற்கு முன்னால் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதை, ஒரு பயணத்துக்காகப் பத்திரம் கேட்டா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

பழைய பத்திரத்தைக் கொண்டு வருகிறேன். அதை அம்மாவிடம் கொடுத்துவிடலாம். படிவத்தை நிரப்பிவிட்டேன். பிறந்த இடம் டயகம. திகதியைக் கேட்க அம்மாவுக்குப் போன் எடுத்தேன். திகதி, கிழமை, விடிய எத்தனை மணிக்கு என்பதுவரை ஒரே மூச்சில் சொன்னார். எப்போது கேட்பாள் என்று காத்திருந்தவர் மாதிரி.

பெயர் என்ற கட்டத்தை மட்டும் விட்டிருக்கிறேன். பழைய பெயரைப் போட்டாலும் புதிதாகப் போட்டாலும் அலைச்சல் ஒன்றுதான் என்று கந்தோரில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் அம்மாவோடு பேசி யோசித்து வையுங்கள். அந்தக் கட்டத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். அடுத்த மாதம் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்