மூன்று மெத்தைகள்

8.7.2007, ஞாயிறு

ஃபரீதின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா நேற்று முடிந்தது. பாறை ஏறும்போது விழுந்தால் அடிபடாமலிருக்கக் கீழே விரிக்க நாங்கள் இருவரும் தைத்த மூன்று மெத்தைகளையும் அவன் அம்மா இன்று என்னிடம் கொடுத்துவிட்டார். "எடுத்துட்டுப் போயிடுப்பா. இது வாசல்ல கிடந்தா அவன் இப்பதான் கிளம்பப் போறான்னு தோணுது."

முதுகில் இரண்டு, நெஞ்சோடு ஒன்று. தாம்பரத்தில் கண்டக்டர் ஏற்றவில்லை. "இன்னாபா, வூடு மாத்துறியா? லாரில போடு." திருநீர்மலைப் பாறை வரை நடந்தே போனேன்.

அதிக மெத்தை சுமந்து வருபவன்தான் முதலில் ஏறலாம் என்பது எங்கள் சட்டம். அதற்காகவே ஃபரீத் என்னுடையதையும் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடுவான். இன்று மூன்றும் என்னிடம். பாறையடியில் விரித்துவிட்டு வெகுநேரம் நின்றேன்.

"நீயே ஏறு மச்சான்" என்று சொல்லிவிட்டு, மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.