லைலைப் பிடிக்காதவர்கள்

1962 ஜனவரி 11, வியாழன்

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு. அப்படியும் வாசகர் வட்டத்துக்கு ஏழு பேர் வந்துவிட்டார்கள், அதில் மூன்று பேர் பீன்ஸ் சட்டியோடு. நான் பார்த்துக்கொள்ளும் நூலகத்தின் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. வேறென்ன வேண்டும் எனக்கு?

இந்த மாதப் புத்தகம் நான் தேர்ந்தெடுத்தது. நாற்பது வருஷத்துப் பழைய நாவல், பள்ளிக்கூடத்திலேயே பாதி ஊர் படித்ததுதான். பதினாறு வயது லைல் தன் மாமாவின் மாட்டுக் கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டு ஓடிப்போன கதையை அவன் வாயாலேயே சொல்கிறான். எல்லாரையும் நக்கலடிக்கிறான். புளுகுகிறான். கடைசிப் பக்கம் வரை மன்னிப்பு என்ற பேச்சே கிடையாது.

ஏமஸுக்கு அவன் செல்லப்பிள்ளை. நாற்பது வருஷம், என் சிநேகிதி தெல்மாவின் பண்ணை உட்பட, பண்ணை பண்ணையாகப் பால் வண்டி ஓட்டிய மனிதர், இப்போது ஓய்வில் வாய்தான் ஓடுகிறது. "புளுகறேன்னு அவனே சொல்லிடறானேம்மா, இதுக்கு மேல என்ன நேர்மை வேணும்?" என்றார். எனக்கோ லைலை இரண்டு அறை அறைந்து, பிறகு சூப் கொடுத்து உட்கார வைக்கத் தோன்றுகிறது.

தெல்மா வாயே திறக்கவில்லை. ஆப்பிள் வைத்துச் சுட்ட பையை வெட்டுவதற்கு முன்பே சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பல்வலியாக இருக்கும்.

ஜனவரி 12

மிச்சம் இருந்த ஆப்பிள் பையைக் காலையிலேயே தின்றுவிட்டேன். வெட்கமில்லை.

பிப்ரவரி 3, சனி

ஊர்க்கூட்டத்து அறிவிப்பை நூலகக் கதவில் நானே ஆணி அடித்து மாட்டினேன். அடித்த பிறகுதான் படித்தேன். பதினேழாவது அம்சம்: அந்த நாவலை ஊர் நூலகத்திலிருந்து நீக்கலாமா என்று ஓட்டு. மனுவில் முதல் கையெழுத்து தெல்மாவுடையதாம்.

தெல்மா! முப்பது வருஷத்துச் சிநேகிதி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன ஊர் பேர் தெரியாதவளா? கெட்ட வார்த்தைகள் இருக்கின்றன, அதனால்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சினை மாட்டைப் பார்த்து அவள் திட்டுவதைக் கேட்டவள் நான். அவளாவது, கெட்ட வார்த்தைக்குப் பயப்படுவதாவது.

பிப்ரவரி 8

வட்டத்துக்கு அவள் வரவில்லை. பீன்ஸ் இரண்டு சட்டிதான்.

பிப்ரவரி 15, வியாழன்

இன்று தற்செயலாக அந்த நாவலின் பின்னட்டைப் பைக்குள் இருக்கும் சீட்டை எடுத்துப் பார்த்தேன். இரவல் வாங்கியவர்கள் கையெழுத்துப் போடும் சீட்டு. அறுபத்து மூன்று பெயர்கள். அதில் தெல்மா மூன்று தடவை! 1932, 1945, 1959.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து இந்தச் சீட்டை வாசித்தால் போதும். மூன்று தடவை ஆசையாகப் படித்தவள் இப்போது ஊருக்குக் கதவடைக்கிறாள் என்று எல்லாரும் சிரிப்பார்கள், மனு அதோடு செத்துப் போகும். ஏமஸிடம் சொன்னேன். "வாசி, வாசி" என்கிறார்.

பிப்ரவரி 17, சனி

வாசிக்க மாட்டேன். யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்று முப்பத்தோரு வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏமஸிடம் சொன்னதே தப்பு. சீட்டைப் பைக்குள் செருகிவிட்டு நேரே தெல்மா வீட்டுக்குப் போனேன்.

காபி கொடுத்தாள், அது கோபத்திலும் கொடுப்பாள். மூன்று தடவை எடுத்தாயே, ஏன் என்று கேட்டேன். 

பதினேழு வயதில் படித்தபோது அவன் தனக்காகவே பேசுவது போல இருந்ததாம். இரண்டாவது தடவை, கைக்குழந்தையோடு, அவன் பேச்சைப் படிக்கக் கொட்டாவிதான் வந்ததாம். மூன்றாவது தடவை எடுத்தது அவளும் அவள் கணவர் கார்லும் வைத்திருந்த மாட்டுக் கொட்டகை எரிந்து ஆறாவது வாரம். மின்னல் விழுந்தது என்றுதான் ஊரே நம்புகிறது. நானும்தான்.

"மின்னலும் இல்ல, மண்ணும் இல்ல. மழை வருதுன்னு காயாத புல்லை ஏத்தச் சொன்னது நான். கார்ல் வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் விடலை."

ஈரப்புல்லை அடைத்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அவன் முந்நூறு பக்கம் பேசறான் ஐரின். அவன் மனசு, அவன் கால்வலி, அவன் தொப்பி. உள்ள இருந்த மாடுங்களுக்கு ஒரே ஒரு வரி. அதைப் படிச்சுட்டு ஏமஸ் 'ஆகா, என்ன நேர்மை'ங்கறார். நான் எப்படிடி உக்காந்திருக்க முடியும்?"

இரண்டரை வருஷமாக இவள் இதைச் சுமந்திருக்கிறாள், நானோ ஆப்பிள் பையும் சுட்டு வைத்து அந்தப் புத்தகத்தை அவள் மடியில் வைத்திருக்கிறேன். எனக்கு மூளை எங்கே போயிற்று? ஆனாலும் புத்தகத்தை நீக்குவதற்கு நான் சம்மதிக்க முடியாது என்று அவளிடமே சொல்லிவிட்டேன். எதிர்த்து நிற்பேன், ஆனால் நீ சொன்னது என் வாயிலிருந்து வராது என்றேன். சரி என்றாள். கதவு வரை வந்து வழியனுப்பினாள்.

மார்ச் 6, செவ்வாய் — ஊர்க்கூட்டம்

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குத்தான் பதினேழாவது அம்சம் வந்தது. கெட்ட வார்த்தையைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். நான் எழுந்தேன். ஏமஸ் என் கையில் சீட்டு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் லைலைப் பிடிக்காது. பிடிக்கலைன்னு சொல்றதுக்கும் அந்தப் புத்தகம் இருந்தாகணும். இந்த ஊர்ல அதைத் தெல்மா அளவுக்குக் கவனமாப் படிச்சவங்க கிடையாது. அவ என்ன சொல்றான்னு எங்க வட்டத்துல கேக்கணும்னு எனக்கு ஆசை." அவ்வளவுதான் சொன்னேன். உட்கார்ந்தேன்.

தெல்மா எழுந்தாள். கூட்டத் தலைவரைப் பார்த்து, இந்த அம்சத்தை ஓட்டுக்கு விடாமல் தாண்டிப் போகலாம் என்று முன்மொழிந்தாள். பிறகு ஏமஸ் வழிமொழிந்தார், அவருக்கே ஏன் என்று தெரியாமல். அடுத்த அம்சம் சாலைக்கு மணல் கொட்டுவது பற்றியது. அதற்குத்தான் உண்மையான சண்டை நடந்தது.

மார்ச் 22, வியாழன்

வட்டம் இன்று தெல்மா வீட்டில். அவளே கூப்பிட்டாள். காபி, மேப்பிள் பாகு ஊற்றிய ரொட்டி, பீன்ஸ் நாலு சட்டி.

அவளே எல்லாவற்றையும் சொன்னாள் — மழை, புல், கார்ல் வேண்டாம் என்றது, எல்லாம். கார்ல் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைல் மாடுகளைப் பற்றிச் சொல்லும் அந்த ஒரு வரியை அவள் வாசித்தாள். "இவன் பேரு சொல்லலை. நான் சொல்றேன்" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ரூபி, கிளோவர், பெரிய மேபல், சின்ன மேபல், ஜூன், டச்சஸ், பிளாஸம், ஃபேன், டாலி, நெல். பத்தோடு நின்றுவிட்டாள். மொத்தம் பதினொன்று என்றாள். அந்த ஒரு பெயர் வரவே இல்லை.

"அந்தக் கொம்பு உடைஞ்ச மாடு," என்றார் ஏமஸ், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. "ஜிப்ஸி."