சாரன் கொடுத்தால் போதாது

ஹாஜியார்,

நேற்று மாலை அஸர் தொழுதுவிட்டு வந்தபோது என் வீட்டு மேசையில் ஒரு பொதி இருந்தது. பிரித்தேன். இடுப்பில் கட்டும் மருதமுனைச் சாரன், புதுக் கஞ்சியின் மணம் அறை முழுக்கப் பரவியது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, இப்போது ஆலையை நடத்தும் உங்கள் மகன் அனுப்பியது. அதற்கடியில் ஒரு கட்டுத் தாள்கள். அந்த மணம் என்னை உங்கள் நிந்தவூர் அரிசி ஆலைக்கு, நான் அங்கே கணக்கு எழுத வந்த முதல் நோன்பு மாதத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அன்று நீங்கள் நெல் காயும் களத்தோரம் கதிரை போட்டு அமர்ந்து, வேலையாட்களுக்குச் சாரனும் சேலையும் ஏழைகளின் பங்கான சகாத்தும் பங்கிட்டுக்கொண்டிருந்தீர்கள். அரசாங்கத் தொழில் கந்தோர்க் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. நாட்கூலிகள் உட்பட எல்லோரையும், முதுமையில் கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதியில் பதிய வேண்டும்; அவர்கள் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு, உங்கள் கையிலிருந்து பன்னிரண்டு. பயந்து பயந்து சொன்னேன்.

"கிளாக்கர், என்ட ஆக்களுக்கு நான் என்ன குறை வெச்ச? சகாத் குடுக்கன், பெருநாள் உடுப்புக் குடுக்கன், அவங்கட ஊட்டுல மையத்து விழுந்தா அடக்கத்துக்கு நான்தான் முன்னுக்கு நிக்கன். இதுக்கு மேல என்னத்துக்கு நிதி?"

பதில் எனக்குத் தெரியும். எடுத்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தேன். பேசியது, அவித்த நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்த பாத்தும்மா.

"ஹாஜியார், சகாத் ஏழைக்குத்தானே? வருசா வருசம் எனக்குத் தாறீங்க. அப்ப நான் மவுத்தாகுமட்டும் ஏழையாத்தான் இரிக்கணுமா? இது எனக்கு வேணா. என்ட பேரப் பதிங்க."

"பாத்தும்மா ராத்தா லோயராகிட்டா!" என்று மூட்டை தூக்குபவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. முகம் சிவந்து என்னைப் பார்த்தீர்கள்.

"சட்டமும் இதையா செல்லுது?"

"ஓம் ஹாஜியார். அது தர்மம் இல்ல. அவங்க வேலை செஞ்சதுக்கான பங்கு."

"அப்ப எல்லாரையும் பதிங்க. ஒராளையும் விடாதீங்க."

பெருநாள் கழிந்ததும் மற்ற ஆலை முதலாளிமார் உங்களிடம் வந்தார்கள். "நீங்க பதிஞ்சா எங்கட வாசலுக்கும் கந்தோர் ஆள் வருவாரே" என்று குறைப்பட்டார்கள். "வரட்டும். வந்தா தேத்தண்ணி குடுங்க" என்றீர்கள். பள்ளிவாசலில் அவர்கள் உங்களுக்கு முகம் கொடுக்காமல் விட்ட நாட்களிலும் முன்வரிசையை விட்டு நீங்கள் நகரவில்லை. இப்போது நீங்கள் உறங்கும் கபுறை அல்லாஹ் விசாலமாக்கட்டும்.

பாத்தும்மா வயதாகி வேலையை விட்டபோது அந்த நிதியில்தான் வீட்டுக்குக் கூரை போட்டார். இப்போது அவருடைய மகள் நபீலா அதே களத்தில் நெல் பரப்புகிறாள்.

பொதியில் வந்த தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரோ ஓர் ஆலோசகர் உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "நான் இந்த ஆலையின் ஊழியர் அல்ல, ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் கொந்தராத்துக்காரர்" என்று ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டுமாம். இட்டால் நிதி இல்லை. மூட்டை விழுந்து முதுகு முறிந்தால் நட்டஈடும் இல்லை. கையொப்பங்களை வாங்கித்தர வேண்டியவன் நான். நான் சொன்னால் போடுவார்களாம்.

சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு. இம்முறை பிழை இல்லை. இன்று காலை ஆலைக்குப் போய் உங்கள் மகனைப் பார்த்தேன்.

"மகன், வாற நேரம் நீங்க செல்றது, போற நேரம் நீங்க செல்றது. களம் உங்கட, சாக்கு உங்கட. தாளில என்னத்த எழுதினாலும் அவங்க உங்கட வேலையாக்கள்தான்."

"வாப்பாட காலம் வேற மாமா. இப்ப எல்லா ஆலையிலயும் இப்பிடித்தான்."

"வாப்பாட காலத்திலயும் எல்லா ஆலையிலயும் இப்பிடித்தான் இருந்த."

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே நம்பிக்கையில்லை. தாள்களோடு களத்துக்கு இறங்கினேன். வரிவரியாக வாசித்தேன், கையொப்பமிட்டால் எதெல்லாம் போகும் என்பதையும் சொன்னேன். நபீலா நெல் பரப்பும் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"கிளாக்கர் மாமா, உம்மாட பேர் இருந்த மாதிரி என்ட பேரும் நிதியில இரிக்கா?"

"இரிக்கி மகள்."

"அப்ப அது அங்கயே இரிக்கட்டும்."

யாரும் பேனையைத் தொடவில்லை. கையொப்பமில்லாத தாள்களை, நான் கையோடு கொண்டுபோயிருந்த அந்தச் சாரனுக்குள் மடித்து உங்கள் மகனின் மேசையில் வைத்தேன். "நாளைக்கு நீங்க வர வேணா மாமா" என்றார். சலாம் சொல்லிவிட்டு நேரே தொழில் கந்தோருக்கு நடந்தேன். நடந்ததை முறைப்பாடாக எழுதிக் கொடுத்தேன், என் பெயரையும் போட்டேன்.

வர வேண்டாம் என்றார், ஹாஜியார். ஆனாலும் நாளை போவேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்பேன். கந்தோர் ஆள் வருவார். வரட்டும். தேத்தண்ணிப் போத்தலை நான் கொண்டுபோகிறேன்.