கழட்டிவிட்டதாகச் சொன்ன பேலஸ்ட்

பாய்,

வண்டி ஹெட்லைட்டுக்கு வைக்கும் பேலஸ்ட் பெட்டி ஒன்று, கருகிப்போய், என் மேசைமேல் கிடக்கிறது. உள்ளே ஊற்றியிருந்த கறுப்புப் பூச்சு உருகி வழிந்து, தாரும் அழுகிய மீனும் சேர்ந்தாற்போல நாறுகிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் அங்கேயும் அதே வாடை. குமட்டுகிறது. அந்தப் பெட்டியை வண்டியில் கட்டியிருந்த விதத்தை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது. இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளைக் குறுக்காகப் போட்டு இறுக்கும் பழக்கம் நம் கடையில் எனக்கு மட்டும்தான்.

திருவையாறு ரோட்டில் நாம் இருவரும் கூட்டாகக் கடை போட்டபோது நான் வீட்டு வயரிங்கிலிருந்து வந்தவன், நீங்கள் வளைகுடாவில் வண்டி வேலை பார்த்துத் திரும்பியவர். கார் விளக்குக்கு எதற்கு இந்தப் பெட்டி என்று நான் எகத்தாளமாகக் கேட்டேன். "உங்க ட்யூப்லைட்டுல சோக்கு பார்க்குற வேலையைத்தான் பங்காளி இதுவும் பார்க்குது. முதல்ல ஒரு உதை விட்டு பல்பைக் கிளப்பணும். கிளம்பினதும் அது கரண்ட்டை அள்ளி அள்ளிக் குடிக்கப் பார்க்கும். புடிச்சு நிறுத்தணும்" என்றீர்கள். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் சாதாரண ஹெட்லைட்டுக்குள் இந்தப் பெட்டியோடு வரும் வெள்ளை பல்பை மாட்டச் சொன்னால் மறுத்துவிடுவீர்கள். அந்தக் கிண்ணம் மஞ்சள் பல்புக்காகச் செய்தது. வெள்ளையைப் போட்டால் வெளிச்சம் சிதறி, எதிரே வருகிறவன் கண்ணில் போய் அடிக்கும். வம்பு பண்ணுகிறவரிடம் நீங்கள் வாதாடியதே இல்லை. பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து வண்டிக்கு எதிரே போட்டு, "செத்த உக்காருங்க" என்பீர்கள். சைக்கிளில் வருகிற பிள்ளையின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும் என்பது உங்கள் கணக்கு. சோதனைக்கு வைத்திருந்த வெள்ளை பல்பு கிட்டை எரியவிட்டால், பத்து எண்ணுவதற்குள் ஆள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்.

தர்கா கந்தூரிக்கு நீங்கள் நாகூர் போயிருந்த வாரம் அந்த ஜீப்காரர் வெள்ளை பல்பு மாட்டச் சொல்லி வந்தார், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். "எதிர்ல வர்றவன் ஒதுங்கணும்ங்க. அதுக்குத்தானே லைட்டு" என்றார். அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். "பாய் இல்லாட்டி உங்களுக்கு வராதோ?" என்று சிரித்தார். அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தேன். சீ, என்ன பிறவி நான். பேட்டரியிலிருந்து தனி லைன் இழுத்து, ரிலேயும் ஃபியூஸும் வைத்து, ஒரு குறை சொல்ல முடியாதபடி மாட்டினேன். எரிந்ததும் நானே கைதட்டாத குறை. வாளி மூலையில்தான் இருந்தது, எடுத்துப் போட்டு உட்காரவில்லை.

நீங்கள் திரும்பி வந்து குப்பையில் அட்டைப்பெட்டியைப் பார்த்தீர்கள். கத்தவில்லை. "போய்க் கழட்டிட்டு வாங்க பங்காளி. அப்புறம் சாப்பிடுவோம்." போனேன். ஜீப்காரர் பல்லைக் குத்திக்கொண்டே, "போட்டதைக் கழட்டவா? வேற வேலை இல்லையா?" என்றார். அப்படியே திரும்பி வந்து உங்களிடம், "கழட்டிட்டேன்" என்றேன். ஊரிலிருந்து கொண்டுவந்த தம்ரூட் இனிப்பை என் தட்டில் வைத்தீர்கள். வெட்கமில்லாமல் இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கித் தின்றேன், பாய்.

அடுத்த மாதம் பொழுது சாயும் நேரத்தில் வாய்க்கால் திருப்பத்தில் மொபெட்டோடு விழுந்தீர்கள். எதிரே ஒரே வெள்ளை, என்ன வண்டியென்றே தெரியவில்லை என்றீர்கள். முழங்கை சிராய்த்து, கண்ணாடி உடைந்து, சட்டையெல்லாம் சேறு. நான் தண்ணீர் ஊற்ற, கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "எல்லாரும் உங்களை மாதிரி கழட்டிட்டா இந்த ரோட்டுல தொல்லையே இல்ல." நான் இன்னொரு சொம்பு மொண்டு உங்கள் முழங்கையில் ஊற்றினேன். அது அந்த ஜீப்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது. அடக்கத்துக்கு நாகூர் வந்தபோது உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா உங்களப் பத்தி எப்பவும் சொல்லுவாங்க. தப்புன்னு சொன்னதும் போய்க் கழட்டிட்டு வந்தவருன்னு" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இந்தப் பேலஸ்ட் நாற்றமே தேவலை.

போன வாரம் ஜீப் வந்து நின்றது. ஒரு பக்கப் பேலஸ்ட்டில் தண்ணீர் இறங்கிக் கருகியிருந்தது. "ரெண்டு பக்கமும் புதுசு போடுங்க. இன்னும் வெள்ளையா" என்றார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னேன். "நான் எதுக்குங்க அங்க உக்காரணும்?" என்றார். நானே உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும் நேரம். எரிந்தது ஒற்றை விளக்குதான். ஜீப் தெரியவில்லை, அவர் தெரியவில்லை, நம் கடைப் பலகைகூடத் தெரியவில்லை. கண்ணில் நீர் கொட்டியது. எழுந்து, அவரைக் கேட்காமலே இரண்டு பக்கமும் கழட்டி, மஞ்சள் பல்பை மாட்டினேன். என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனார்.

நேற்று அந்த ஜீப் கடையைத் தாண்டிப் போனது. வேறு யாரோ மாட்டிக் கொடுத்துவிட்டார்கள், முன்பைவிட வெள்ளையாக. வாய்க்கால் திருப்பம் பக்கம்தான் போனது. காறித் துப்பினேன். யாரைப் பார்த்துத் துப்பினேன் என்று கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை நாகூர் பஸ் ஏறுகிறேன். இந்தக் கருகிய பெட்டியை நாலு சுற்றுத் தாளில் பொதிந்து பையில் வைத்தாயிற்று, அப்படியும் வாடை வருகிறது. உங்கள் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன இது, இப்படி நாறுது?" என்று கேட்பார். சொல்லிவிடுவேன், பாய்.