போனுக்கு வைத்த சந்தனம்

திருத்தணி,
6.10.2025

அன்புள்ள மகன் வளவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உன் தங்கச்சி ஷாலினியும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அந்தப் பனிமலையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, சளி பிடிக்காமல் இருக்க முருகன்தான் துணை. உன் ராணுவ முகாமில் சிக்னல் இல்லாததால் எல்லாவற்றையும் காகிதத்தில் கொட்டுகிறேன், திட்டாமல் படி.

அவளைப் புருஷன் பரணிதரன் மணவூரிலிருந்து அடித்துத் துரத்தி ஒன்றரை மாதமாகிறது. வருகிற புதன்கிழமை மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் விசாரணை. அவளாகவே கோபித்துக்கொண்டு போனாள், நான் கையே ஓங்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான் பாவி. உன் பொண்ணு கார் இல்லாம திரும்பி வந்தாள்னா கேஸ் சிலிண்டர் வெடிச்சுச்சுன்னு சொல்லிட்டுப் போயிகினே இருப்பேன் என்று அவன் என்னிடமே போனில் சொன்னானே, அதற்கு ஒரே சாட்சி உன் பழைய போன்தான். நீ போகும்முன் அதை ரூட் செய்து, கம்பெனி சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றி, பேசுவதெல்லாம் தானாகவே பதிவாகும்படி செய்து கொடுத்தாய். நகல் எடுத்து வை என்று மூன்று கடிதத்தில் எழுதினாய். நாளைக்கு, நாளைக்கு என்று நான்தான் இருந்துவிட்டேன்.

போன புதன் ஆயுத பூஜை. நைனாவின் பவர்லூமுக்கும் என் தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்தவள், இந்த வருஷம் நமக்கு ஆயுதம் இதுதானே என்று போனையும் பூஜையில் வைத்து, சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்து முன்னே பின்னே பக்கத்தில் எல்லாம் வைத்தேன். சார்ஜ் தீர்ந்து அணைந்ததை மறுநாள் போட்டால் கறுப்புத் திரையில் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து. பத்து தடவை அணைத்துப் போட்டும் அதே. சும்மா இருந்த போன நோண்டி வச்சிட்டுப் போய்ட்டான் பாரு உன் புள்ள என்று நைனா கத்திய கத்தல் தெரு முழுக்கக் கேட்டது. ஷாலினி ஒரு வாய் சோறு தின்னவில்லை. பஸ் ஸ்டாண்டில் போன் கடை வைத்திருக்கும் அருண்பாண்டியனிடம் ஓடினேன். ரூட் பண்ண போனுங்கக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தினாத்தான் எழுந்துக்கும் என்று சொல்லிக்கொண்டே விரலைக் கொண்டு போய்விட்டான். டேய் கைய எட்றா என்று நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்றுக் காலையில் வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. சத்தம் கூட்டும் பட்டன் உள்ளே அமுங்கினது அமுங்கினபடி, சுற்றிலும் சந்தனம் காய்ந்து கட்டியாகிக் கிடக்கிறது. அது அமுங்கியிருந்தால் அந்தக் கறுப்புத் திரைதான் வருமாம், அருண்பாண்டியன் பிறகு சொன்னான். தையல் ஊசியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துப் போட்டேன், வந்துவிட்டது. உன் சாஃப்ட்வேர் மேல் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் என் பக்தி செய்த வேலை. நைனாவிடமும் சொல்லிவிட்டேன். உடனே இரண்டு நகல் எடுத்தாயிற்று.

அப்புறம் நானும் ஷாலினியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். அவன் மிரட்டல் அட்சரம் பிசகாமல் இருக்கிறது. அதற்கு முன்னால், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் ஷாலினி எனக்குப் பேசியதும் இருக்கிறது. கூட்டிகினு போயிடும்மா என்று அழுகிறாள். நான் சொல்கிறேன், ஆம்பள நாலு வார்த்த சொல்லத்தான் செய்வான், பொறுத்துகினு இரு, திரும்பி வந்தா நாங்க தெருவுல தலை காட்ட முடியுமா என்று. இதை நான் எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவே இல்லை, வளவா. ஆனால் குரல் என்னுடையதுதான். அதற்குப் பத்தே நாளில் அவள் உதடு கிழிந்து வாசலில் வந்து நின்றாள். ஷாலினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இத அழிச்சிடறேம்மா, ஸ்டேஷன்ல கேட்டா உனக்குத்தான் அசிங்கம் என்று விரலை வைத்தாள். பெற்றவள் எனக்கு அது தாங்கவில்லைடா. கை வைக்காதே, இருக்கட்டும் என்றேன். புதன்கிழமை அவன் பேச்சோடு என் பேச்சும் போகும். நீ ஏன் அழைத்து வரவில்லை என்று அந்த அதிகாரியம்மா கேட்டால் கேட்கட்டும்.

நீ நீண்ட ஆயுசோடு, ஒரு குறையும் இல்லாமல் ஊர் வந்து சேர வேண்டும். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி தனியே அனுப்பியிருக்கிறேன், ஈரக்காலோடு போடாதே. தங்கச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. என்ன வேண்டுமானாலும் எழுது, பொறுத்துக்கொள் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அம்மா
கோ. வசந்தி