வாசல் தாண்டாத நெருப்பு

மதினி,

இன்று விளக்கு வைத்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை, கையில் உடைந்த சட்டியின் சில்லு. மேட்டுக்காட்டில் புதிதாய் முள் வெட்டிக் குடிசை போட்டிருக்கும் வீட்டுக்காரி. சேலையெல்லாம் எரிந்த உடைமுள்ளின் வாசம். தீப்பெட்டி நமுத்துப்போச்சு, ரெண்டு கங்கு குடுங்க அக்கா என்றாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுருளிப்பட்டிக்கு மேலே மலையடியில் காடு திருத்த அண்ணனும் என் வீட்டுக்காரரும் நம்மைக் கூட்டிப் போன அந்த வருசம் நினைவுக்கு வந்தது. இரண்டு குடிசை, கூப்பிட்டால் கேட்க வேறு ஆளில்லை. பகலெல்லாம் வேர் பிடுங்கினோம். உள்ளங்கைக் கொப்புளத்தைக் காட்டினால், மருதாணி இன்னும் சிவக்கட்டும் என்பீர்கள். நான் மட்டும் சளைத்தவளா? அண்ணனின் குறட்டைக்குப் பயந்துதான் காட்டுப்பன்றி நம் சோளத்துக்கு வரவில்லை, அதைப் பக்கத்தில் படுத்துக் கேட்கிற உங்களுக்குத்தான் காவல்கூலி தர வேண்டும் என்பேன்.

சாம்பலில் விதைத்த சோளம் முழங்கால் உயரம் வந்தபோது ஐப்பசி மழை பிடித்தது. என் வீட்டுக்காரரை மலைக்காய்ச்சல் போட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய, கூரை பிய்ந்து மழை நேராக என் அடுப்பில் விழுந்தது. அவருக்குப் பல் தந்தியடிக்கிறது. சூடாய் ஒரு வாய் கஞ்சிக்கு வழியில்லை. ஒரு சில்லை எடுத்துக்கொண்டு உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் விளக்கு வைத்துவிட்டிருந்தீர்கள்.

"வெள்ளிக்கெழம வெளக்கு வச்சபெறகு வீட்டு நெருப்பக் குடுத்தா சீதேவி போயிரும்னு எங்க ஆத்தா சொல்லிருக்காக. மொத வெள்ளாம நிக்கிது. குடுக்க மாட்டேன் தாயி."

வெறும் சில்லோடு திரும்பினேன். அதற்குள் நீங்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டீர்கள்.

"நெருப்புத்தான போகக் கூடாது? ஆளு வரலாமில்ல. வா, அவுகள இங்கன தூக்கிட்டு வருவோம்."

அண்ணன் தோளைப் பிடிக்க, நாம் காலைப் பிடித்து, உங்கள் அடுப்போரம் கொண்டுவந்து கிடத்தினோம். அந்த மழைக்காலம் முழுக்க ஒரே குடிசை, ஒரே அடுப்பு, நாலு பேர், ஓர் ஆடு. ஆடுதான் வசதியாய்ப் படுத்தது.

அவர் எழுந்து நடமாடினார். மழை விட்டு, என் கூரையை வேய்ந்து முடித்த அன்று நல்ல வெயிலில் நீங்கள் கம்பளி கேட்டீர்கள்.

"என்ன மதினி, புதுப்பொண்ணாட்டம் போத்திக்கிறீக?" என்றேன்.

நீங்கள் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

கதிர் பால் பிடிக்கும்போது போய்விட்டீர்கள்.

சாவு வீட்டில் அடுப்பெரியக் கூடாது. ஊரிலிருந்து வந்த சனத்துக்குப் பக்கத்து வீட்டில் பொங்க வேண்டும். பக்கத்து வீடு என்று இருந்தது என் குடிசை ஒன்றுதான், உங்களைக் காய்ச்சலில் விட்டு நான் அங்கே போகாததால் அதில் இன்னும் நெருப்பில்லை. உங்கள் அடுப்பை அவிக்குமுன் கங்குகளை அள்ளிக்கொண்டு உங்கள் வாசலைத் தாண்டினேன். மெதுவாகத்தான் நடந்தேன், நீங்கள் தடுப்பீர்கள் என்று.

அந்த நெருப்பை இன்றுவரை அணைய விடவில்லை. இரவில் சாம்பலால் மூடிவைத்து விடியலில் ஊதி எழுப்புகிறேன். தீக்குச்சிக்குக்கூடக் கஞ்சத்தனமா என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்க அவர் இருக்கிறாரே, அது போதும்.

வந்தவளிடம், வெள்ளிக்கிழமை நெருப்புக் குடுக்க மாட்டேன் என்றேன். முகம் வாடித் திரும்பினாள்.

"ஏ புள்ள, எங்க போற? அரிசியும் சட்டியும் எடுத்துட்டு இங்கன வா. ஒம் புருசனையும் கூப்புடு."

இப்போது அவள் உலை உங்கள் நெருப்பில் கொதிக்கிறது. அவள் பிள்ளை என் மடியில் கிடந்து இந்தத் தாளைப் பிடுங்குகிறது. நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். நான் கிண்டல் செய்தால் திருப்பிச் சொல்கிறாளா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பிறகு எனக்கு அப்படி ஓர் ஆள் வாய்க்கவில்லை, மதினி.