கச்சான் மணல் நிரப்பிய கவை

பக்கத்து வீட்டில் கச்சான் கடலை வறுக்கிறார்கள். சூடேறிய மணலின் வாசம் வேலியைத் தாண்டி வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. முற்றம் பாதி கூட்டியபடி கிடக்கிறது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போய் ஒரு வருசமாகப் போகிறது. இருந்தபோதே சொல்வழி கேட்காத மனிதருக்கு இப்போது எழுதி என்ன ஆகப்போகிறதோ, தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்த மோட்டார் சைக்கிளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. சீமைக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்கார எஞ்சினியரிடம் அதை வாங்கி, எனக்குச் சீதனமாக வந்த வீட்டு முற்றத்திலேயே சக்களத்தியைக் கூட்டிவந்தது போல் நிறுத்தினீர்கள். அம்மைப்பால் குத்துகிற உத்தியோகம் உங்களுக்கு. ஊர் ஊராகத் திரிய வேண்டும், சரிதான். ஆனால் அதன் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் எல்லாம் பத்தைகளுக்குள் ஓடி ஒளிந்துவிடும். சத்தமில்லாமல் மிதிவண்டியில் போனால் பிள்ளைகளைப் பிடிப்பது சுலபம் இல்லையா என்று கேட்டேன். "ஒளியிறத்துக்கு அதுகளுக்கும் கொஞ்சம் நேரம் குடுக்கணும் புள்ள" என்றீர்கள். இப்படிப் பேசுகிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

சப்பான்காரனோடு நடந்த யுத்தம் நம் கரைவரை வந்துவிட்ட காலம் அது. ஒரு மாலை வாவிக்கரை வளைவில் எருமைக் கூட்டத்துக்குள் போய் விழுந்தீர்கள். மாட்டு வண்டிலில் உங்களையும் வாகனத்தையும் ஒன்றாகப் போட்டுக் கொண்டுவந்தார்கள். உங்கள் வலது கை முறிந்திருந்தது. முன்சில்லைப் பிடித்திருக்கும் கவையின் குழாய்கள் பின்னால் வளைந்து, சில்லு எஞ்சினோடு போய் ஒட்டிக்கிடந்தது. வண்டிலில் கிடந்துகொண்டு நீங்கள் முதலில் கேட்டது, "எருமைக்கு ஒண்டுமில்லையா?" என்றுதான்.

புதுக் கவைக்குக் கொழும்புக்கு எழுதினீர்கள். யுத்தம் முடியும்வரை ஒரு சாமானும் வராது என்று பதில் வந்தது. மறுநாளே நான் தோணி ஏறிக் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். உங்கள் கை பொருந்தியதற்கு என்று நினைத்துக்கொண்டீர்கள். அதற்கும்தான். ஆனால் இனிமேல் இந்த மனிதன் உயிரோடு வீடு வருவான் என்ற நிம்மதிதான் அதில் பெரிய பங்கு.

அந்த நிம்மதி எனக்கு எத்தனை நாள் இருந்தது? வண்டிலில் ஊர்களுக்குப் போனீர்கள், வந்தீர்கள். மற்ற நேரமெல்லாம் என் காலுக்குள்ளேயே நின்றீர்கள். கிணற்றுக் கப்பியைக் கழற்றினீர்கள். நன்றாகத் திறந்து மூடிய கதவைச் சீவி, மூடாதபடி ஆக்கினீர்கள். ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "இஞ்ச பாருங்க, ஒரு நாழி சும்மா இரிங்களன்" என்று கத்தினேன். "இரிக்கத் தெரிஞ்சா இரிக்க மாட்டனா புள்ள" என்றீர்கள், குரலை உயர்த்தாமல்.

பிறகு கொல்லர் கணபதியண்ணனின் பட்டறையே கதி என்று ஆகிவிட்டது. கவையை நிமிர்த்தலாம் என்று அவர் சொன்னாராம். வெறுங்குழாயைக் காய்ச்சி வளைத்தால் நசுங்கிப்போகும். உள்ளே மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்துக் காய்ச்ச வேண்டுமாம். காலை வைத்த இடமெல்லாம் மணலான செட்டிபாளையத்தில் மணலுக்கு யார் யோசிப்பார்கள்? கடற்கரையில் அள்ளி, வெயிலில் பரப்பி, காய்ந்துவிட்டது என்று நிரப்பினீர்கள்.

நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்த வெடிச்சத்தம் கேட்டது. "சப்பான்காரன் குண்டு போட்டுட்டான்" என்று யாரோ கத்த, தெரு முழுக்கப் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாவிப் பக்கம் ஓடியது. நான் பட்டறைப் பக்கம் ஓடினேன். பட்டறைக் கூரைக் கிடுகில் ஓட்டை. அடைத்த கட்டை அதன் வழியாகத்தான் போயிருந்தது. நீங்களும் கணபதியண்ணனும் கரிபூசிய முகத்தோடு நின்றீர்கள். உங்களுக்கு ஒரு புருவத்தைக் காணவில்லை. வாவித் தண்ணீரில் இடுப்பளவுக்கு நின்ற சனம் திரும்பி வந்து உங்களை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து சிரிப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "விடு புள்ள, இனி வண்டில்தான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். மறுநாளும் எதையும் கழற்றவில்லை, எதையும் சீவவில்லை. நான் கேட்டபடியே சும்மா இருந்தீர்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

என்ன பிழை நடந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை விடாது. மாரியில் உப்புச் சட்டி கசிவதைப் பார்க்காத அடுப்படி உண்டா? சூடேறியதும் அந்த ஈரம் ஆவியாகிக் கட்டையைத் தள்ளிவிட்டது. என் அடுப்படி மூலையில், கச்சான் வறுக்கிற மணல் ஒரு சட்டி நிறைய இருந்தது. எத்தனையோ வருசம் வறுபட்டுக் கறுத்த மணல். அதில் ஈரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சொல்லாமல் விட்டால் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள், உயிரோடு இருப்பீர்கள். சொன்னால் திரும்பவும் ஓடுவீர்கள். நான் ஒவ்வொரு மாலையும் வாசல் படலையடியில் நின்று செத்துப் பிழைக்க வேண்டும். அன்று முழுவதும் அடுப்படிக்கும் விறாந்தைக்கும் நடந்தேன். கடைசியில் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் வைத்தேன்.

"என்ன புள்ள இது?"

"கச்சான் மணல். இதப் போட்டுக் காய்ச்சுங்க."

மணலில் விரலை விட்டு அளைந்தீர்கள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் கேள்விதான் இருந்தது. நான் உள்ளே போய் அடுப்பை ஊதினேன்.

இந்தமுறை வெடிக்கவில்லை. குழாய்களைச் சிவக்கக் காய்ச்சி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே கொடுத்து நிமிர்த்தி, நூல் பிடித்துப் பார்த்தீர்களாம். மண்வெட்டி அடித்துத் தோய்த்துப் பழகிய கையால் கணபதியண்ணன் தண்ணீரில் தோய்க்கப் போக, நீங்கள் தடுத்து உமிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டீர்களாம். தோய்த்திருந்தால் ஒரு குலுக்கலில் முறிந்திருக்கும் என்று எனக்கு விளக்கினீர்கள். முறியும் என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

முதல் ஓட்டத்துக்கு நீங்கள் வாகனத்தை உதைத்ததும் நான் சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

"இறங்கு புள்ள. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். விழுந்தா ரெண்டு பேரும் விழுவம்."

காத்தான்குடிக் கடைத்தெருவில் துணி அளந்துகொண்டிருந்தவர் முழக்கோலைப் பிடித்தபடியே பார்த்தார். கல்லடிப் பாலத்தில் ஏறியபோது கைபிடி நடுங்குவது உங்கள் முதுகின் வழியே எனக்குத் தெரிந்தது. வாகனம் இடப்பக்கம் இழுத்தது. நீங்கள் வலப்பக்கம் சரிந்து அதைப் பிடித்தீர்கள். பட்டணத்தைத் தாண்டித் தன்னாமுனை வந்ததும் நிறுத்தினீர்கள். சொருகிய தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தபடி இறங்கினேன்.

"பயந்திட்டியா?" என்றீர்கள்.

"ஓம்."

கவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "நானும்தான்" என்றீர்கள். "எருமையில அடிபட்டவன், இனி ஒவ்வொரு வளைவிலயும் பயப்படத்தான் போறன். மறுகா என்ன, ஓடத்தானே வேணும்."

உங்களுக்குப் பயமே கிடையாது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். பயந்துகொண்டு ஓடுகிற மனிதர் என்று அன்று தெரிந்தது. உங்கள் மேல் எனக்கு அத்தனை பிரியம் அதற்கு முன் வந்ததில்லை.

அந்தக் கவை கடைசிவரை முறியவில்லை. காய்ச்சல்தான் வந்தது. நம் வீட்டில், நம் பாயில், என் கையைப் பிடித்தபடி போனீர்கள். ஓடுகிற வாகனத்தை எத்தனை வருசம் சந்தேகித்தேன்; பாயைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

நடக்கக் கூடாது என்று பயந்தது நடந்து முடிந்துவிட்டது. இனிமேல் யாருக்காகவும் பயப்பட எனக்குக் காரணம் இல்லை. ஆனாலும் பொழுது சாயும்போது அதே நேரத்துக்கு அந்தப் பயம் வருகிறது, கால் தானாகப் படலைக்குப் போகிறது. பயம் தெளிய விபூதி போடச் சொல்கிறார்கள், நூல் கட்டச் சொல்கிறார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. உங்களுக்காகப் பயந்த பயம் இது. இதையும் போக்கிவிட்டால் நான் யாருக்காகக் காத்திருப்பது?